வாசல்வரை – அத்தியாயம் 7: கடைசி ஒரு கிலோமீட்டர்

இதுவரை: பூவிருந்தவல்லியில் பூப்பறித்து, காஞ்சி வரதருக்குத் தினமும் சுமந்து சென்றவர் திருக்கச்சி நம்பி என்கிறது வைணவ மரபு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில், அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் வாலாஜா ரோட்டுக்குப் போனது. 1877இல் அஞ்சல் துறை, பணத்தை வாங்கிக்கொண்டு பொட்டலத்தைக் கொடுக்கும் வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பூ போய்ச் சேரவேண்டிய வாசல் ஒன்றே ஒன்று, அது ஊருக்கே தெரிந்த வாசல். ரயிலில் வந்த சரக்குக்கோ ஆயிரம் வாசல்கள்.

*

ஸ்டேஷனில் இறங்கிய மூட்டையை வீட்டு வாசலுக்கு யார் கொண்டுவருவது? இந்தக் கேள்விக்கான விடையில் முதல் பாதி ஒரு சமஸ்கிருத அறிஞரிடம் இருந்தது என்று சொல்லிச் சென்ற வாரம் நிறுத்தினேன்.

அவர் பெயர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். மகாராஷ்டிரத்துக்காரர். மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் அதிகாரி. சமஸ்கிருதத்தில் கவிதை, நாடகம் என்று எழுதிக் குவித்தவர். எழுத்தின் அருமை தெரிந்த அந்த மனிதர்தான், முகவரியில் எழுத்தை மட்டும் நம்பினால் கடிதம் போய்ச் சேராது, எண் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

ஏன் அப்படி ஒரு முடிவு? அந்தக் காலத்து அஞ்சல் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் மேசையை நினைத்துப் பாருங்கள். தமிழில் முகவரி எழுதிய கடிதம் டெல்லியில் ஒரு பெட்டியில் விழும். வங்காளத்தில் எழுதியது மதுரையில் விழும். பிரிப்பவருக்குத் தெரிந்தது இரண்டு மொழி, மிஞ்சிப்போனால் மூன்று. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாலும் தொல்லை தீராது. ஒரே பெயரில் எத்தனை ஊர்கள்! புதூர் என்று எழுதினால் எந்தப் புதூர்? அம்பத்தூருக்குள்ளேயே ஒரு புதூர் இருக்கிறது.

நம் மேற்குப் புறநகருக்கென்றே வாய்த்த உதாரணம் ஒன்று உண்டு. ஒரகடம். கார்த் தொழிற்சாலைகளால் இன்று பெயர்பெற்ற ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிறது. அம்பத்தூருக்குள் இன்னோர் ஒரகடம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். முகவரியில் ‘ஒரகடம், சென்னை அருகில்’ என்று எழுதி அனுப்பினால் அந்தப் பொட்டலம் எந்தத் திசையில் போகும்? அனுப்பியவர் மேல் தப்பில்லை. வாங்குபவர் மேலும் தப்பில்லை. பொட்டலம் மட்டும் ஊர் சுற்றும்.

வேலங்கர் இதற்குக் கண்ட வழி ஆறு இலக்கம். சுதந்திரத்தின் வெள்ளிவிழா நாளான 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 1963இலேயே தன் ஊர்களுக்கு ஐந்திலக்க எண் கொடுத்துவிட்டது. நமக்கு ஆறு. முதல் இலக்கம் மண்டலம்: 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும். முதல் மூன்றும் சேர்ந்தால் பிரிப்பு மாவட்டம்: 600 என்றால் சென்னை. கடைசி மூன்று இலக்கம், கடிதத்தை வீடுவீடாகக் கொடுக்கவேண்டிய அஞ்சல் அலுவலகம். அம்பத்தூர் 600053. ஆவடி 600054. பூந்தமல்லி 600056. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குத் தனியாக 600058.

இந்த எண்களில் ஒரு சரித்திரம் ஒளிந்திருக்கிறது. சென்னை மாநகராட்சி அம்பத்தூரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது 2011 அக்டோபரில்தான். ஆவடி 2019இல் தனி மாநகராட்சியே ஆகிவிட்டது. பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்து நகராட்சி. ஆனால் தபால் கணக்கில் மூன்றும் சென்னை. ‘சென்னை-53’ என்று நம் பெரியவர்கள் இன்லேண்டு லெட்டரில் எழுதியபோது அம்பத்தூர் மாநகராட்சிக்கு வெளியே இருந்தது. எல்லைக்கோடு போடும் அதிகாரிகளுக்கு முன்பே, கடிதம் கொண்டுபோகிறவர்கள் இந்த ஊர்களைச் சென்னையாக்கிவிட்டார்கள்.

எண் வந்தது. ஒரகடம் குழப்பம் தீர்ந்தது. ஆனால் ஆறு இலக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது பொட்டலத்தை அஞ்சல் அலுவலகத்தின் படிக்கட்டு வரைதான் கொண்டுவந்து சேர்க்கும். 600053 என்ற ஒரே எண்ணுக்குள் ஆயிரக்கணக்கான கதவுகள் இருக்கின்றன. அவற்றில் இந்தக் கதவு எது என்று யார் கண்டுபிடிப்பது?

*

ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

உங்கள் கையில் பத்துப் பொட்டலம். பத்து வீடு. முதலில் எந்த வீடு, அடுத்தது எது? இஷ்டம்போல் போனால் ஒரே தெருவுக்கு மூன்று தடவை வருவீர்கள். குறைந்த தூரத்தில் சுற்றி முடிக்கவேண்டும். எத்தனை விதமாகப் போகலாம் என்று நினைக்கிறீர்கள்? நூறு? ஆயிரம்?

36,28,800 விதமாகப் போகலாம். பத்து வீட்டுக்கு இவ்வளவு. பதினைந்து வீடு என்றால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து நல்ல வழியைத் தேர்ந்தெடுப்பது மனிதனால் ஆகாத காரியம்.

உலகின் பெரிய கணித மூளைகள் இதில் முட்டி மோதியிருக்கின்றன. 1954இல் அமெரிக்காவில் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் என்ற மூவர், 49 நகரங்களைச் சுற்றிவர மிகக் குறைந்த தூரம் எது என்று கண்டுபிடித்தது பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. 1959இல் அதே டான்ட்சிக், ராம்சர் என்பவரோடு சேர்ந்து அடுத்த கேள்விக்கு வந்தார்: ஒரு கிடங்கிலிருந்து பல பெட்ரோல் பங்குகளுக்கு லாரிகளை எப்படிப் பிரித்து அனுப்புவது? இன்று டெலிவரி நிறுவனங்களின் கணினிகளில் ஓடும் வழித்தடக் கணக்கெல்லாம் அந்தக் கட்டுரையின் வாரிசுகள். 1960இல் சீனாவில் குவான் மெய்கோ இன்னொரு விதமாகக் கேட்டார். ஒரு தபால்காரர் தன் பகுதியின் எல்லாத் தெருக்களிலும் ஒரு தடவையாவது நடக்கவேண்டும், நடை குறைவாகவும் இருக்கவேண்டும், எப்படி? கணிதத்தில் இதற்கு இன்றும் ‘சீனத் தபால்காரர் கணக்கு’ என்றுதான் பெயர்.

அவர்கள் காகிதத்தில் இதைப் போட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில், நம் ஊர்த் தபால்காரர்கள் தினமும் காலையில் அதைப் போட்டு முடித்துவிட்டுத் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

எப்படி? காலையில் பை வந்து சேரும். கடிதங்களை முதலில் பீட் வாரியாகப் பிரிப்பார்கள். பீட் என்றால் ஒரு தபால்காரரின் பொறுப்பில் உள்ள தெருக்கள். தன் பீட்டுக்கான கட்டு கைக்கு வந்ததும் அவர் உட்கார்ந்து அடுக்க ஆரம்பிப்பார். தான் நடக்கப்போகும் வரிசையிலேயே கடிதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பார். முதல் தெருவின் முதல் வீடு மேலே. கடைசித் தெருவின் கடைசி வீடு அடியில். தெருவில் இறங்கியபின் மேலே இருப்பதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே போகவேண்டியதுதான். யோசனையெல்லாம் புறப்படும் முன்பே முடிந்துவிடும்.

அந்த வரிசை வெறும் தூரக் கணக்கு இல்லை. ரயில்வே கேட் எந்த நேரத்தில் மூடியிருக்கும், எந்தத் தெருவில் நாய் துரத்தும், முதியோர் உதவித்தொகை மணியார்டருக்காகக் காத்திருக்கும் பாட்டி எப்போது திண்ணைக்கு வருவார், எந்தச் சந்தில் மழைக்கு மறுநாள் சைக்கிள் உருட்ட முடியாது, எல்லாம் அந்த அடுக்கில் கலந்திருக்கும். டான்ட்சிக்கின் சமன்பாட்டில் நாய் கிடையாது. பாட்டியும் கிடையாது.

சரி, இந்த ஆள் நடந்தே போனால் எத்தனை வீடு முடிப்பார்? ஊர் விரிந்துகொண்டிருந்தது. அவருக்குக் கால் போதவில்லை. அவருக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது.

அந்த வண்டி அதே அம்பத்தூரில் பிறந்துகொண்டிருந்தது!

*

1949. பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்து திரும்பிய செட்டிநாட்டு முருகப்பா குடும்பம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கைகோத்தது. டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியா உருவானது. ஆலைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் அம்பத்தூர். அதுவரை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ஹெர்குலிஸ் சைக்கிள், இனி ரயில் பாதையோரத்து அம்பத்தூரில் தயாராகும்.

அதோடு நிற்கவில்லை. சைக்கிளின் எலும்பு இரும்புக் குழாய். அதற்காக 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. 1960இல் சங்கிலிக்காக அம்பத்தூரில் டி.ஐ. டைமண்ட் செயின் வந்தது. அதே காலகட்டத்தில் டன்லப் டயர் ஆலையும் அம்பத்தூருக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்து நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் 1966இல் தொடங்கிய மருத்துவமனை இன்றும் அதே பெயரில் இயங்குகிறது.

குழாய் ஆவடியில். சங்கிலி அம்பத்தூரில். டயர் அம்பத்தூரில். பூட்டி முடிப்பதும் அம்பத்தூரில். வாசலுக்குப் பொருள் கொண்டுபோகும் வண்டியின் உடம்பு முழுவதும் சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் தயாரான இடம் வேறெங்கே உண்டு? மேற்குப் புறநகரை ‘தொழில் பகுதி’ என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நாட்டின் வீட்டு வாசல்களைத் தொட்ட வண்டியைக் கொடுத்த பூமி அது. இதை நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் சொல்லவேண்டும்.

அந்தச் சைக்கிளைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இரட்டை பார். கம்பி பிரேக். அகலமான இரும்புக் கேரியர். கேரியருக்குப் பின்னால் கனமான ஸ்டாண்டு. வண்டியை நிறுத்தி இழுத்துவிட்டால் சுமையோடு அசையாமல் நிற்கும். தபால்காரர் காக்கிப் பையை முன்னால் மாட்டினார். பால்காரர் இரண்டு பக்கமும் கேன் தொங்கவிட்டார். பின்னாளில் கேஸ்காரர் கேரியரில் கொக்கி அடித்து சிலிண்டரை மாட்டினார். சிலிண்டருக்குள் இருக்கும் எரிவாயு 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ முப்பது கிலோ. இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று. அறுபது கிலோவை மிதித்து வந்து, இறக்கி, தோளில் ஏற்றி, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோகவேண்டும்.

வண்டி வந்துவிட்டது. ஆள் இருக்கிறார். தலைக்குள் வரைபடமும் இருக்கிறது. கதை சுபமாக முடியவேண்டியதுதானே?

முடியவில்லை. காரணம், தரை மாறிக்கொண்டே இருந்தது.

*

1955 ஜனவரி. ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. யு.என். தேபர் தலைமை. ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்ற தீர்மானத்தால் ஆவடியின் பெயர் நாடெங்கும் பரவியது. அடுத்த பத்தாண்டில் அந்த ஊரின் முகமே மாறிவிட்டது. கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. படைவீரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலை வந்தது. இந்தப் பக்கம் 1960களின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பட்டறைகளும் ஆலைகளும்.

வேலைக்கு வந்தவர்கள் எங்கே குடியிருப்பார்கள்? ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் பிரச்சினை இல்லை. குவார்ட்டர்ஸ் எண் சுவரில் பெயின்ட்டால் எழுதியிருக்கும். புது ஆள்கூடக் கண்டுபிடித்துவிடலாம். அந்தச் சுற்றுச்சுவரைத் தாண்டி வெளியே வந்தால்தான் சோதனை. வயல்கள் மனைகளாயின. மனை போட்டவர் முதலில் எழுதிய எண் பிளாட் நம்பர். வீடு கட்டி வரி விதித்தபோது வந்த எண் டோர் நம்பர். மறுகணக்கெடுப்பில் இன்னொரு எண். நடுவில் ஒரு வீட்டைப் பாகம் பிரித்தால் ‘அ’, ‘ஆ’ சேரும். தெருவுக்குப் பெயர் வைப்பதிலும் நம் மக்களுக்குத் தலைவர்கள் மேல் தீராத பாசம். காந்தி தெரு, நேரு தெரு, காமராஜர் தெரு. ஒவ்வொரு நகரிலும் மூன்றும் உண்டு.

சாலைக்கே இரண்டு பெயர். மெட்ராஸ் – திருவள்ளூர் நெடுஞ்சாலையை எம்.டி.எச். ரோடு என்றார்கள். 1996இல் மெட்ராஸ் சென்னையானது. சாலை சி.டி.எச். ரோடு ஆனது. ஒரே சாலையில் அடுத்தடுத்த இரண்டு கடைகளின் பலகையில் இரண்டு பெயரையும் இன்றைக்கும் பார்க்கலாம்.

நில அமைப்பும் சுலபமானதில்லை. குறுக்கே ரயில் பாதை. இந்தப் பக்கத்து வீட்டுக்கும் அந்தப் பக்கத்து வீட்டுக்கும் கண்ணுக்கெட்டும் தூரம்தான். ஆனால் கேட்டுக்கோ சுரங்கப்பாதைக்கோ சுற்றித்தான் போகவேண்டும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி என்று நீர்நிலைகள். தெருக்கள் கரையை ஒட்டி வளையும், சில கரையிலேயே முட்டி நின்றுவிடும். வரைபடத்தில் கோடு போட்டு அளந்தால் ஒரு கிலோமீட்டர். சக்கரம் ஓடுவது மூன்று.

அதனால்தான் இந்த ஊர்களின் உண்மையான முகவரி எண்ணில் இல்லை, அடையாளத்தில் இருக்கிறது. ‘டன்லப்ல இறங்கி…’, ‘டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தாண்டி…’, ‘ஓ.டி.யிலிருந்து உள்ளே வந்தா மாரியம்மன் கோயில், அதுக்குப் பின்னாடி பச்சை கேட்…’. டன்லப் ஆலை மூடி வருடங்கள் ஓடிவிட்டன. பஸ் நிறுத்தத்தின் பெயர் டன்லப்தான். டயர் போன பின்னும் பெயர் வேலை செய்கிறது. உள்ளூர்க்காரருக்கு இது போதும். வெளியூரிலிருந்து வந்து வண்டி ஓட்டுகிறவருக்கு இல்லாத ஓர் ஆலையைத் தேடு என்று சொன்னால் என்ன செய்வார்?

அஞ்சல் துறைக்கும் இது தெரியும். வேலங்கரின் ஆறு இலக்கம் வந்து ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2025இல், டிஜிபின் என்ற புதிய முறையை அதே துறை வெளியிட்டது. ஐ.ஐ.டி. ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உதவின. நாடு முழுவதையும் நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளம். அருமையான முயற்சி, மனமாரப் பாராட்டலாம். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு மீட்டர் சதுரத்தில் தரைதளமும் உண்டு, மூன்றாவது மாடியும் உண்டு. இரண்டுக்கும் ஒரே அடையாளம்தான். எந்த மாடியில் எந்தக் கதவு என்று சொல்ல அங்கே மறுபடியும் ஒரு மனிதர் வேண்டும்.

கதவு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். படியேறிப் போய் மணியடிக்கிறார்.

கதவு திறக்கவில்லை!

*

தொழிற்பேட்டை ஊரின் இயல்பு இது. காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், இரவு ஷிப்ட். கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகள். பகலில் பூட்டு. இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில் தூங்குவார், மணியடித்தால் எழமாட்டார்.

பொருளை வாசலுக்குக் கொண்டுபோகும் தொழிலில் பெரிய நஷ்டம் இங்கேதான். நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஆயிரம் பொட்டலத்தோடு வருகிறது. டிரைவர் சம்பளமும் டீசலும் ஆயிரத்தில் பங்காகிவிடும். கடைசிக் கிலோமீட்டரில் ஒரு பொட்டலத்துக்கு ஓர் ஆள், ஒரு வண்டி, ஒரு படியேற்றம். பங்கு போட யாரும் இல்லை. கதவு பூட்டியிருந்தால் அந்த உழைப்பு அப்படியே வீண். மறுநாள் இன்னொரு நடை. அன்றும் பூட்டு என்றால் பொருள் வந்த வழியே திரும்பவேண்டும். மூன்று பயணம், வரவு பூஜ்யம்.

இது நம் காலத்துத் தலைவலி என்று நினைத்துவிடாதீர்கள். சென்ற அத்தியாயத்தில் பார்த்த வி.பி.பி.யை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பொருளைத் தபால்காரர் கொண்டுவருவார். பணத்தைக் கொடுத்தால்தான் பொட்டலம் கைக்கு வரும். வாங்கிய பணத்தை அஞ்சல் துறை விற்றவருக்கு மணியார்டராக அனுப்பிவைக்கும். முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் நம்பிக்கைக்கு ஜாமீன் நின்ற ஏற்பாடு அது. கடிகாரம், லேகியம், ஜோதிடப் புத்தகம் என்று பட்டணத்துச் சரக்கு கிராமத்துத் திண்ணைக்குப் போன பாதை. ஆனந்த விகடனை 1928இல் வாங்கி வளர்த்தெடுத்த எஸ்.எஸ். வாசன், அதற்கு முன் விளம்பரத் தொழிலோடு தபால் வழி வியாபாரமும் செய்தவர்தான்.

அந்த ஏற்பாட்டிலும் ஓட்டை இருந்தது. பொருள் வரும் நாளில் வீட்டில் காசு இருக்காது. அல்லது ‘நான் கேட்கவே இல்லையே’ என்று ஒரு வார்த்தை. பொட்டலம் திரும்பிவிடும். போக வர ஆன செலவு அனுப்பியவர் தலையில்.

இதைக் குறைத்தது யார்? எந்தச் சட்டமும் இல்லை. தபால்காரர். எந்த வீட்டில் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று அவருக்குத் தெரியும். பூட்டிய வீட்டுக்காரர் எந்த ஆலையில் எந்த ஷிப்ட் என்று தெரியும். ‘கீழ் வீட்ல சொல்லிட்டுப் போறேன், சாயங்காலம் ஆபீஸ்ல வந்து வாங்கிக்கங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வார்த்தை ஒரு பொட்டலத்தின் மூன்று பயணத்தை ஒன்றாக்கிவிடும்.

இந்தத் தொடரில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். ரயில், எண், சைக்கிள், கணிதம் எல்லாமே பொருளை நம் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கின்றன. கதவைத் திறக்கவைப்பது தெருவை அறிந்த ஒரு மனிதரின் அறிவு. அந்த அறிவு வருடக்கணக்கில் ஒரே தெருவில் கால் பதித்தால் வருவது. அதற்கு நாம் தனியாக விலை வைத்ததே இல்லை. இலவசமாகக் கிடைப்பதாக நினைத்துக்கொண்டோம். நிரந்தர வேலை, ஒரே பீட், மாதச் சம்பளம், ஓய்வூதியம் இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த அறிவை விளைவித்தன. நிலத்தைக் கவனிக்காமல் விளைச்சலை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

நிலமே இல்லாமல் விளைச்சல் கேட்கும் ஒரு காலமும் வந்தது.

*

1986 ஆகஸ்டில் ஸ்பீடு போஸ்ட் வந்தது. அதையொட்டித் தனியார் கூரியர்கள் பெருகின. 2007இல் பெங்களூருவில் இரண்டு இளைஞர்கள் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கினார்கள். ஃப்ளிப்கார்ட். ஆரம்பத்தில் ஒரு தடை பெரிதாக நின்றது. முகம் தெரியாத கடைக்கு, பொருளைப் பார்க்காமல், கார்டு எண்ணைக் கொடுத்துப் பணம் கட்ட இந்தியர்கள் தயங்கினார்கள். பலரிடம் கார்டே இல்லை.

2010இல் அந்த நிறுவனம் ஒரு முடிவெடுத்தது. கேஷ் ஆன் டெலிவரி. பொருளை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். நாடே புதுமை என்று கொண்டாடியது. நம் தாத்தாக்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்: ‘அட, நம்ம வி.பி.பி.!’ நூற்று முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய அஞ்சல் துறையின் யோசனை, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. அது இணைய வியாபாரத்தின் கதவை அகலத் திறந்துவிட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் லாரிகள் பெருகின, கிடங்குகள் எழுந்தன.

திட்டம் பழையது. ஆள் மட்டும் புதியவர். அவருக்குப் பீட் கிடையாது. இன்று முகப்பேர், நாளை திருவேற்காடு, மறுநாள் பட்டாபிராம். ஒரு தெருவை அறிந்துகொள்ளும் முன் அடுத்த தெருவுக்கு மாறிவிடுவார். நிரந்தர வேலை இல்லை, பெரும்பாலும் பொட்டலக் கணக்கில் கூலி. பீட் இருந்த இடத்தில் அவருக்கு ஒரு கைபேசி கொடுத்தார்கள். அதில் ஒரு வரைபடம், ஒரு நீலப் புள்ளி. ‘புள்ளி போகிற வழியில் போ’ என்றார்கள்.

போனார். பெரும்பாலான நாட்களில் புள்ளி சரியாகவே காட்டியது. தொழில் வளர்ந்தது. தெருவை அறிந்த மனிதர் இனித் தேவையில்லை என்று எல்லோரும் நம்பத் தொடங்கினார்கள்.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை வரை.

அன்று மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் நின்று கொட்டித் தீர்த்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. மின்சாரம் போனது, சிக்னல் போனது. வரைபடத்தில் தெரு என்று காட்டிய இடத்தில் இடுப்பளவு வெள்ளம். டெலிவரி செயலிகள் கைவிரித்தன. நகரத்தின் பல பகுதிகளில் ஆவின் பால் வரவில்லை. கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் பாத்திரம் காலி.

நீலப் புள்ளி அணைந்துபோன அந்த ஊரில், வாசல்களுக்கு வழி தெரிந்தவர்கள் யார் மிச்சம் இருந்தார்கள்? அடுத்த வாரம் அவர்களோடு தண்ணீரில் இறங்குவோம்.

(தொடரும்)